கழுத்துத் தமனிக் கிழிசலால் வரும் பக்கவாதம்: தடுப்பு, சிகிச்சை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கழுத்துத் தமனிக் கிழிசலை உரிய நேரத்தில் கண்டறிந்து சிகிச்சை அளிக்க வழிவகை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோரும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் சார்பில் இம்மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம்.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகள் இரண்டும் வெர்டிப்ரல் தமனிகள் இரண்டும் கழுத்து வழியே செல்கின்றன. இவற்றின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் சுவரின் அடுக்குகளுக்குள் புகுந்து குழாயைக் குறுக்கும். அங்கே உறையும் இரத்தம் பிய்ந்து சென்று மூளையில் அடைத்தால் பக்கவாதம். சாலை விபத்து, கழுத்தை வெடுக்கென்று திருப்புதல், சில வேளை கடும் இருமல்கூட இதற்குக் காரணமாகலாம். அடைப்பால் வரும் பக்கவாதங்களில் இதன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆனால் 50 வயதுக்கு உட்பட்டோரிடம் 25 சதவீதம் வரை உள்ளது.

ஒருபக்கக் கழுத்துவலி, முன்பு கண்டிராத தலைவலி, ஒரு கண்ணிமை சரிந்து கண்மணி சுருங்குதல், காதுக்குள் நாடித்துடிப்பு கேட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். பலருக்கு இவை தோன்றிச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தே பக்கவாதம் தாக்குகிறது. இளம் வயதினர் என்பதால் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படும்போது அந்த அவகாசம் பறிபோகிறது. அதைக் காப்பாற்றித் தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கோரிக்கைகள்:

1. மேற்கண்ட அறிகுறிகளுடன் வருவோருக்கும், 50 வயதுக்குள் பக்கவாதம் கண்டோருக்கும் கழுத்துத் தமனிகளுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க அரசு மருத்துவமனைகளுக்கு நெறிமுறை வழங்க வேண்டும். வழக்கமாக எடுக்கும் தலை சி.டி. ஸ்கேன் கழுத்துக் கிழிசலைக் காட்டாது.

2. சாலை விபத்தில் காயமடைந்தோருக்கான 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சிகிச்சை பெறுவோரில் கழுத்தெலும்பு முறிவு உள்ளவர்களுக்கு இப்பரிசோதனையைச் சேர்க்க வேண்டும்.

3. உறைவைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கழுத்துப் பகுதியில் கிழிசல் இருக்கலாம் என்ற ஐயத்தால் மட்டும் அதை மறுக்க வேண்டியதில்லை என்று அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டும். பெரிய குழாய் அடைபட்டவர்களை, உறைவை அகற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு 108 ஊர்தியில் தாமதமின்றி மாற்ற வேண்டும்.

4. பெரும்பாலான கிழிசல்கள் சில மாதங்களில் தாமே ஆறிவிடும். அதுவரை 3 முதல் 6 மாதங்கள் உறைவுத் தடுப்பு மருந்து தேவை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றோருக்கு முதல் 3 மாதங்களில் மீண்டும் பக்கவாதம் வந்தது ஏறத்தாழ 2 சதவீதமே. எனவே மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகவும், மறு ஸ்கேனை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் கட்டணமின்றி வழங்க வேண்டும்.

5. முடிதிருத்தகங்களில் கழுத்தை முறித்து நெட்டி எடுப்பதை உள்ளாட்சி அமைப்புகள் வழியாகத் தடை செய்ய வேண்டும். முடிதிருத்தும் தொழிலாளர் சங்கங்களைக் கலந்து, அவர்களின் பிழைப்புக்கு ஊறு நேராதபடி பயிற்சி அளிக்க வேண்டும்.

சம்பாதிக்கும் வயதில் ஒருவர் படுத்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பு முதல் பெற்றோரின் மருந்து வரை எல்லாம் நின்றுபோகின்றன. நாங்கள் கேட்பவற்றில் பெரும்பகுதியை, இருக்கும் ஸ்கேன் கருவிகளையும் திட்டங்களையும் கொண்டே நிறைவேற்றலாம். நரம்பியல் வல்லுநர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து விரைவில் ஆலோசனைக் கூட்டம் நடத்தி, உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்