150 தடவை ஜெயித்தவர், ஒலிம்பிக்ஸ் போகாதவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பனியை நேரில் பார்த்ததே கிடையாது, ஃப்ரீசரில் உறைந்து கிடப்பதைத் தவிர. எனவே "உனக்கெதுக்குடா இந்தக் கவலை" என்று கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிட்டு மேலே படிக்கவும்.

போன வாரம் கேண்டீனில் ஒரு நண்பனிடம் அமேலி வெங்கர்-ரேமோன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவிட்சர்லாந்துக்காரர், வாலே மாநிலம். டெலிமார்க் பனிச்சறுக்கு உலகக் கோப்பையில் 150-க்கும் மேற்பட்ட பந்தயங்களில் முதலிடம் பிடித்தவர். அவன் கேட்ட முதல் கேள்வி: "ஒலிம்பிக்ஸ்ல எத்தனை தங்கம்?" ஒன்றும் கிடையாது, அந்த ஆட்டமே ஒலிம்பிக்ஸில் இல்லை என்றேன். "அப்ப அது ஹாபிடா" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உலகமே அப்படித்தான் நினைக்கிறது. ஒலிம்பிக் கமிட்டி முத்திரை குத்தினால் விளையாட்டு, இல்லையென்றால் பொழுதுபோக்கு. இந்த நினைப்பு தப்பு என்பதுதான் என் கட்சி.

டெலிமார்க் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு (ஆறு மாதம் முன்பு எனக்கும் தெரியாது): நாம் டிவியில் பார்க்கும் ஆல்பைன் சறுக்கில் காலணியின் முன்னும் பின்னும் பலகையோடு இறுகப் பூட்டியிருக்கும். டெலிமார்க்கில் முன்பாதம் மட்டும்தான் பூட்டு, குதிகால் சுதந்திரமாக எழும்பும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காலை முன்னே வைத்து, பின்கால் முட்டியை மடக்கித் தாழ்ந்து திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட மண்டியிடுவது போல. அடுத்த திருப்பத்துக்குக் கால் மாற்றி மறுபடி. செங்குத்துச் சரிவில், முழு வேகத்தில்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. 'கிளாசிக்' என்ற பந்தயத்தில் கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்க வேண்டும். நடுவில் ஒரு மேட்டில் எகிறிக் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டி விழ வேண்டும், விழும்போதும் ஒரு கால் முன், ஒரு கால் பின். 'ரெய்பெலோக்கே' என்று ஒரு வட்டம் இருக்கிறது, அதில் 360 டிகிரி முழுச்சுற்று. பிறகு சமதளத்திலோ மேட்டிலோ ஸ்கேட்டிங் செய்து மூச்சு வாங்க ஓட வேண்டும். இறக்கம், தாண்டல், ஓட்டம் எல்லாம் ஒரே பந்தயத்தில். வழி நெடுக நடுவர்கள் நின்று ஒவ்வொரு திருப்பத்தையும் பார்க்கிறார்கள். முட்டி சரியாக மடங்கவில்லையா, தண்டனை விநாடி. வெற்றி தோல்வியே விநாடிக்குள் அடங்குகிற ஆட்டத்தில் இது தலையில் இடி. இதைப் போய் ஹாபி என்கிறான்!

ஒரு ஒப்பீடு. ஆல்பைன் உலகக் கோப்பையில் ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 86 வெற்றி பெற்றார். ஆண்களில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 2023-ல் அந்த 86-ஐத் தாண்டியபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின, 2025-ல் 100-ஐத் தொட்டபோது மறுபடி கொண்டாடின. கொண்டாடட்டும், தகும். ஆனால் அதே சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் குடையின் கீழ், அதே 'உலகக் கோப்பை' என்ற பெயரில் 150-ஐத் தாண்டிய பெண்மணியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? டெலிமார்க்கில் போட்டியாளர்கள் குறைவு, அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பீர்கள். சரி, வைக்க வேண்டாம். போட்டியாளர்கள் ஏன் குறைவு என்றாவது கேட்கலாம் அல்லவா?

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஒரு டெலிமார்க் வீரரின் வாழ்க்கையை லாப நஷ்டக் கணக்காக எழுதிப் பாருங்கள். செலவுப் பக்கம் ஆல்பைன்காரருக்கு உள்ள அதே தலைப்புகள்: பலகை, காலணி, பூட்டு, பனிமலைப் பயிற்சி, பயணம், தங்குமிடம், பயிற்சியாளர், காயம் பட்டால் மருத்துவம். முட்டி என்ன, ஒலிம்பிக்ஸ் ஆட்டமா என்று கேட்டுவிட்டா உடைகிறது? வரவுப் பக்கம்தான் காலி. டிவி காட்டுவதில்லை, அதனால் விளம்பரதாரர் வருவதில்லை. அரசுப் பணமும் பெரும்பாலும் ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்த்தே நகர்கிறது. பிரிட்டனில் யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பு ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்க வாய்ப்பை வைத்துத்தான் பணம் ஒதுக்குகிறது. அந்த நாட்டின் ஜாஸ் டெய்லர் டெலிமார்க் உலகக் கோப்பை மேடையில் பலமுறை ஏறியவர். ஆல்ப்ஸ் மலை இல்லாத நாட்டிலிருந்து வந்து ஆல்ப்ஸ்காரர்களோடு மோதி ஜெயிப்பவர்! வேறு ஆட்டமாக இருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள்.

இப்போது சுற்று புரிகிறதா? ஒலிம்பிக்ஸில் இல்லை, அதனால் பணம் இல்லை. பணம் இல்லை, அதனால் ஆள் வருவதில்லை. ஆள் குறைவு, அதனால் ஒலிம்பிக்ஸில் இடம் இல்லை. கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தெளியாது, பைத்தியம் தெளியாமல் கல்யாணம் ஆகாது என்ற கதைதான்.

சம்மேளனம் கேட்காமல் இல்லை. 2022 பெய்ஜிங் போட்டிக்கு டெலிமார்க்கைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டது. 2018 ஜூலையில் ஒலிம்பிக் கமிட்டி ஏழு புதிய பந்தயங்களை அறிவித்தது. பெண்கள் தனியாக ஓட்டும் பாப்ஸ்லெட் இருந்தது, கலப்பு அணிப் பந்தயங்கள் இருந்தன. டெலிமார்க் இல்லை.

சிறிய ஆட்டம், பரவலாக இல்லை என்று சொல்வார்கள். அப்படியா? ஸ்கி மலையேற்றம் என்ற ஆட்டத்தை 2021-ல் ஒப்புக்கொண்டு 2026 மிலானோ-கோர்ட்டினாவில் சேர்த்தார்களே, அதென்ன தெருவுக்குத் தெரு ஆடும் ஆட்டமா? (அந்த ஆட்டத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. கதவு திறக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.) லூஜில் தங்கத்தை ஜெர்மனி மூட்டை கட்டிக்கொண்டு போவது பரவலா? நடுவர் மதிப்பீடு கலந்த ஆட்டம் என்பது இன்னொரு சாக்கு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ன, கடிகாரம் பார்த்தா நடக்கிறது? மோகுல்ஸ் சறுக்கில் 100-க்கு 60 மதிப்பெண் திருப்பங்களின் அழகுக்குத்தான். ஆண் பெண் சமத்துவம் பற்றி நிறையப் பேசும் அதே கமிட்டி, 2026-லும் நார்டிக் கம்பைண்டை ஆண்களுக்கு மட்டும்தான் நடத்தியது. டெலிமார்க்கில் இரு பாலருக்கும் உலகக் கோப்பை இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது வேறொன்றுக்கு. நார்வேயில் டெலிமார்க் என்பது ஊர்ப்பெயர், ஒரு பிரதேசம். அங்கே மோர்கெடால் என்ற கிராமத்தில் 1825-ல் பிறந்தவர் சோண்ட்ரே நோர்ஹைம். ஏழைக் குடியானவர். பலகையோடு பாதத்தைக் கட்டும் முறையை மாற்றி, சறுக்கும்போது திரும்பவும் தாண்டவும் வழி செய்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். 1868-ல் 42 வயதில், இன்று ஓஸ்லோ என்று சொல்லும் கிறிஸ்டியானியாவுக்குப் பலகையிலேயே போய்ப் பந்தயத்தில் ஜெயித்தார். இன்று ஒலிம்பிக்ஸில் பெரிய ஆட்டமாக இருக்கும் 'ஸ்லாலம்' என்ற சொல்லே அந்தப் பக்கத்து வட்டார வழக்கிலிருந்து வந்தது.

1952 ஓஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குச் சுடர் எங்கே ஏற்றினார்கள்? கிரேக்கத்தில் இல்லை. நோர்ஹைம் பிறந்த வீட்டின் அடுப்பில். 1960-ல் அமெரிக்காவின் ஸ்குவா வேலிக்கும் சுடர் மோர்கெடாலிலிருந்துதான் போனது. 1994 லில்லேஹம்மர் தொடக்க விழாவில் டெலிமார்க் சறுக்குநர்கள் சரிவில் இறங்கி வந்தார்கள், உலகம் கைதட்டியது. 1924 முதல் ஒலிம்பிக்ஸில் இருக்கும் ஸ்கி ஜம்பிங்கில், தரையிறங்கும்போது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இறங்காவிட்டால் இன்றும் நடுவர்கள் மதிப்பெண் வெட்டுவார்கள். அந்த இறக்கத்துக்குப் பெயரே 'டெலிமார்க்'!

ஆக, அடுப்பு வேண்டும், ஆட்டக்காரர்கள் அலங்காரத்துக்கு வேண்டும், இறங்கும் பாணி வேண்டும். அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சீசனும் முட்டியைத் தேய்ப்பவர்களுக்கு மட்டும் வாசலில் 'ஹவுஸ் ஃபுல்' பலகை. வியாபாரத்தில் ஒருவர் பெயரையும் முறையையும் பயன்படுத்தினால் ராயல்டி கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். இங்கே ஒரு பந்தயம் கூடக் கொடுக்கவில்லை. நோர்ஹைம் 1884-ல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போய், 1897-ல் வடக்கு டகோட்டாவில் செத்தார். அவர் கல்லறையில் நெடுங்காலம் பெயர்க்கல் கூட இல்லை.

இதையெல்லாம் நேற்று நண்பனிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, ஹாபி இல்ல. ஒத்துக்கறேன். ஆனா அதுல பணம் வராதே?" என்றான்.

வராதுதான். ஏன் வரவில்லை என்றுதானே இவ்வளவு நேரம் கத்தினேன் :) டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.