கல்லின் சூடு வேறு, காற்றின் சூடு வேறு



வெயில் ஏற ஏற நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "கொரோனா சமயத்துல வாங்கின நெற்றி தெர்மாமீட்டர் சும்மாதான் கிடக்கு. அதையே எங்க பியர்டட் டிராகன் தொட்டிக்கு வச்சுக்கலாமா?"

வேண்டாம். அது காய்ச்சல் பார்ப்பதற்கென்றே செய்த கருவி. பெரும்பாலானவை 32 டிகிரி செல்சியஸிலிருந்து 43 வரைதான் காட்டும். அதோடு, நெற்றித் தோலின் சூட்டை அப்படியே சொல்லாமல், உடம்புக்குள் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கூட்டிச் சொல்லும். கல்லின் உண்மையான சூடு 33 என்றால் திரையில் 36 வரலாம். சிலவற்றில் பொருள்களின் சூட்டைப் பார்க்கத் தனி பட்டன் உண்டு. அவசரத்துக்கு அது போதும். தொட்டிக்கென்று புதிதாக வாங்குவதானால், ஏசி மெக்கானிக்குகள் கையில் பார்க்கிறோமே, துப்பாக்கி மாதிரி, அந்த ஐஆர் தெர்மாமீட்டரையே வாங்குங்கள்.

பல்லியோ பாம்போ நம்மைப் போல உடம்பின் சூட்டை உள்ளிருந்தே தக்கவைத்துக்கொள்வதில்லை. வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும். போதுமென்றால் நிழலுக்கு நகரும். அமெரிக்கப் பாலைவனப் பல்லிகளை ஆராய்ந்த ரேமண்ட் கவுல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் 1944-லேயே இதை எழுதிவிட்டார்கள். வெயிலுக்கும் நிழலுக்குமாக இடம் மாறி மாறியே அவை உடம்பின் சூட்டை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன. தின்றது செரிப்பதும், நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கின்றன. கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துவிட்டால் போக இரண்டே பக்கம்தான். அந்த இரண்டையும் சரியாக அமைத்துத் தருவது நம் பொறுப்பு.

பியர்டட் டிராகனுக்கு விளக்கின் கீழே உள்ள கல் 40 டிகிரியை ஒட்டி இருக்கலாம். மறுகோடி 25-ஐ ஒட்டி இருக்க வேண்டும். லெப்பர்ட் கெக்கோ படுக்கும் சூடான மூலையில் தரை 30 முதல் 33 வரை. பால் பைத்தானுக்கும் ஏறக்குறைய அதே. இதெல்லாம் கல்லின் சூடு, தரையின் சூடு. கண்ணாடியில் ஒட்டிவைத்த வட்ட மீட்டர் காற்றைத்தான் பார்க்கிறது. அது 30 காட்டும்போது விளக்கடியில் கல் 50-ஐத் தொட்டிருக்கலாம். சுட்டால் தானே விலகிப் போகும் என்று நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் மீது கிடந்து வயிற்றுத் தோல் வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

இனி அந்த ஐஆர் கருவிக்கு வருவோம். பெட்டியில் 8:1, 12:1 என்று போட்டிருக்கும். மைனஸ் 50 முதல் 400 வரை என்று கொட்டை எழுத்தில் இருப்பதைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 12:1 என்றால் பன்னிரண்டு அங்குலத் தூரத்திலிருந்து ஒரு அங்குல வட்டத்தின் சராசரிச் சூட்டைச் சொல்லும். டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக விரிவதுபோல இந்த வட்டமும் விரியும். மூன்றடி தள்ளி நின்று உள்ளங்கை அகலக் கல்லைக் குறிவைத்தால், வட்டமே மூன்று அங்குலம். குறி கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்து மணலின் சூடு கலந்துவிடும். கிட்டே போய் அளக்கலாமே என்றால், தொட்டிக்குள் கை நுழைந்ததும் சில பிராணிகள் மிரளும். அதனால் 12:1-க்குக் குறைந்ததை நான் சிபாரிசு செய்வதில்லை.

சிவப்புப் புள்ளி அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். லேசர் வெறும் குறிகாட்டிதான். கீழே இருக்கும் லென்ஸ்தான் பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்குகிறது. மிகக் கிட்டத்தில் பிடித்தால் புள்ளி ஓரிடத்திலும் அளவு வேறிடத்திலும் இருக்கும். பிராணியின் கண்ணில் அந்த லேசரை அடிக்கவே கூடாது. அணைத்துவைக்க வசதி உள்ள மாடல் கிடைத்தால் நல்லது.

கண்ணாடிக்கு வெளியே நின்று அளப்பதும் வீண். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி, இந்தக் கருவிக்குச் சுவர் மாதிரி. கண்ணாடியின் சூட்டைத்தான் அது சொல்லும். மூடியைத் திறந்துதான் அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்திலும் ஏமாற்றும். எமிசிவிட்டி என்று ஒரு எண்ணை 0.95-ல் வைத்தே பெரும்பாலும் விற்கிறார்கள். கல், மரம், மண், ஓடு எல்லாவற்றுக்கும் அது ஏறக்குறைய சரி. விளக்கின் அலுமினிய மூடிக்குச் சரிவராது. அங்கே அளந்துதான் ஆக வேண்டுமென்றால், ஆறியிருக்கும்போது ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு சோதனை. அகலமான பீங்கான் கிண்ணத்தில் பொடித்த ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, கிட்டத்தில் பிடித்து அளங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டு டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, இந்த வகைக் கருவிக்கு அதுதான் வழக்கம். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தவுடன் அளக்காதீர்கள்; அரை மணி நேரம் தொட்டி இருக்கும் அறையிலேயே கிடக்கட்டும்.

அந்த இரண்டு டிகிரி முட்டை விஷயத்தில் மட்டும் மன்னிக்காது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வொன்று 1989-ல் வெளியானது. சதுப்பு முதலையின் முட்டைகளை 28 முதல் 31 டிகிரிக்குள் நிலையாக வைத்தால் அத்தனையும் பெண், 32.5-ல் அத்தனையும் ஆண். லெப்பர்ட் கெக்கோவிலும் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. முட்டை பொரிப்பவர்கள் வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவையுங்கள்.

லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நம் வாசகர்களுக்குச் சூடான மூலைதான் கவலை. சென்னை, வேலூர் மே மாதத்தில் கதை தலைகீழ். வெளியே 40-ஐத் தாண்டும் நாளில், விளக்கே போடாத தொட்டியிலும் குளிர்ந்த மூலை என்று ஒன்று இருக்காது. மதியம் இரண்டு மணிக்கு அந்த மூலையை அளந்து பாருங்கள். 33-க்கு மேல் போனால் விளக்கை அணைத்து, தொட்டியைத் தரைக்கு இறக்குங்கள். வீட்டில் நட்சத்திர ஆமையோ உடும்போ வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர் இருந்தால், அவருக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றை வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கையிருப்பு குறைவென்றால் முதலில் தெர்மோஸ்டாட், அடுத்து சென்சார் தெர்மாமீட்டர், மூன்றாவதாகத்தான் இந்தத் துப்பாக்கி. மூன்றும் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். "சாப்பிட மாட்டேங்குது, என்ன செய்ய?" என்று எழுதும்போது சூடான இடம், குளிர்ந்த மூலை, இரவு நேரத் தரை என மூன்று அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். நம் மருத்துவர் பதில் சொல்வதற்கு முன் கேட்பது அவற்றைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்