விருந்தாளியை வரவேற்போம், கேள்வியும் கேட்போம்!



வெளிதேச ஊழியம் பற்றிச் செய்தி கொடுக்க விருந்தினர் வருகிறார் என்றால் நம் ஆலயங்களுக்குத் தனிக் களை வந்துவிடும். வாலிபர்கள் தோரணம் கட்டுவார்கள். தாய்மார்கள் தேநீருக்கு ஏற்பாடு செய்வார்கள். ஆராதனை முடிவில் தனிக் காணிக்கைப் பை சுற்றி வரும். நாள் கூலியில் ஒரு பகுதியை அதில் போடுகிறவர்கள் நம் தொழிலாளர்களே.

இதைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. கப்பலை விட்டு இறங்கிய நாளில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல் நின்றபோது, தமிழில் ஜெபம் கேட்ட ஆலயமே பலருக்கு முதல் ஆறுதல். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: விருந்தாளி போன பிறகு விலை கொடுப்பவர் யார்?

2018 நவம்பரை நினைத்துப் பாருங்கள். ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் வட சென்டினல் தீவு மக்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார். பழங்குடி மக்களைப் பாதுகாக்க 1956இல் வந்த சட்டம் அங்கே கால் வைப்பதைத் தடுக்கிறது. அது தெரிந்தும் போனார். உள்ளூர் மீனவர்களுக்கு 25,000 ரூபாய் கொடுத்து, இருட்டில் படகேறினார் என்று காவல்துறை கூறியது. தீவு மக்கள் அவரைக் கொன்றார்கள். உடல்கூடத் திரும்பவில்லை.

ஓர் இளைஞரின் சாவில் மகிழ நமக்கு மனமில்லை. ஆனால் அவருக்குப் பயிற்சி கொடுத்த அமைப்பு அமெரிக்காவில் இருந்தது. அவரை இரத்த சாட்சி என்று போற்றியவர்களும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். கைவிலங்கு மாட்டப்பட்டவர்களோ இங்கே இருந்தவர்கள். மீனவர்கள் உள்பட ஏழு பேர் கைதானார்கள். புகழ் ஒருவருக்கு, வழக்கு ஏழைக்கு! இது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தீவு மக்கள் கொடுத்திருக்கக்கூடிய விலை இதைவிடப் பெரிது. நமக்குச் சாதாரணமான சளியும் தட்டம்மையும் அவர்களுக்கு எமன். 1858இல் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்தபோது கிரேட் அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். 1863இல் ராஸ் தீவில் அவர்களுக்காக 'அந்தமான் இல்லம்' திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் ஹென்றி கார்பின் என்ற பாதிரியார். நாகரிகம் கற்பிப்பதாகச் சொன்னார்கள். நோய்தான் பரவியது. 1877இல் தட்டம்மை கொள்ளை கொண்டு போனது. இன்று அந்த இனத்தில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர்தான்.

அப்படியானால் ஊழியமே கூடாதா என்று கேட்பீர்கள். கார் நிக்கோபாரைப் பாருங்கள். 1768இல் தரங்கம்பாடியிலிருந்து மொராவிய மிஷனெரிகள் நிக்கோபார் தீவுகளுக்குப் போனார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். 1787இல் பணி கைவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1890களில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்குப் போனவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார் அவர். ஆங்கில அரசின் ஏஜெண்டாகவும் அவர் இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்தி சொல்லிவிட்டுக் கப்பலேறவில்லை. அங்கேயே குடியிருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் படித்த நிக்கோபாரிச் சிறுவன் ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் பேராயரானார், புதிய ஏற்பாட்டைத் தாய்மொழியில் தந்தார், 1952இல் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். அந்தச் சபை நிக்கோபார் மக்களின் சொந்தச் சபையானது, அவர்கள் கையிலேயே வளர்ந்தது.

ஆகவே அடுத்த முறை விருந்தினர் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஐயா, நீங்கள் போகும் இடத்து மக்கள் உங்களை அழைத்தார்களா? அவர்கள் மொழியைக் கற்று அவர்களோடு இருக்கப் போகிறீர்களா? தவறு நேர்ந்தால் வழக்கும் நோயும் யார் தலையில் விழும்? உண்மையான ஊழியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் காணிக்கைப் பையை இறுக்கிப் பிடியுங்கள்!

படகு ஓட்டும் தம்பிமாருக்கு ஒரு சொல். எவ்வளவு நோட்டை நீட்டினாலும், எந்தப் புனிதப் பெயரைச் சொன்னாலும், தடை செய்த தீவுக்குப் படகைத் திருப்பாதீர்கள். உங்களை ஜாமீனில் எடுக்க எந்த விருந்தாளியும் திரும்பி வரமாட்டார்.

கடைசியாக நமக்கே ஒரு கேள்வி. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்களும், பிழைப்புக்காக மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்களும் இந்தத் தீவுகளுக்கு விருந்தாளிகளே. நம்மையும் இந்த மண்ணின் மக்கள் அழைக்கவில்லை. அதை மறவாமல், அவர்கள் காட்டையும் கரையையும் மதித்து வாழ்வோம். அந்தப் பணிவு நம்மிடம் இருந்தால்தான் பிற விருந்தாளியிடம் கேள்வி கேட்கும் தகுதியும் நமக்கு இருக்கும்.