எரிமலைச் சாம்பலும் எலுமிச்சம் பழமும்

சென்ற 2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் 23ந் தேதி, ஆப்பிரிக்காக் கண்டத்தில் எத்தியோப்பியா தேசத்திலுள்ள ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. கடந்த 12,000 வருஷங்களில் அது வெடித்ததாக எந்தப் பதிவும் கிடையாது. அதன் சாம்பல் சுமார் 14 கிலோ மீட்டர் உயரம் கிளம்பி, செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் தேசங்களின் மேலாக மிதந்து, மறுநாள் இரவுக்குள் ராஜஸ்தானத்தையும் டில்லியையும் எட்டிவிட்டது. ஏர் இந்தியா கம்பெனி 11 பயணங்களை ரத்து செய்து, அவ்வழியே பறந்து வந்த விமானங்களைப் பரிசோதனைக்கு நிறுத்தியது. துபாயிலிருந்து சென்னைக்கு வரவேண்டியதும், சென்னையிலிருந்து மும்பைக்குப் போகவேண்டியதும் அவற்றில் சேர்ந்தவை.

“எங்கேயோ மலை வெடித்தால் இங்கே விமானம் ஏன் நிற்கவேண்டும்? சாம்பல்தானே, தட்டிவிட்டால் போய்விடாதா?” என்று நம்மவர்களில் பலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சாம்பல் என்னும் பெயர்தான் இதில் மயக்கத்தை உண்டாக்குகிறது. நம் ஜனங்களுக்குத் தெரிந்தது அடுப்புச் சாம்பலும் நெற்றியில் பூசும் சாம்பலுமேயாகும். முன்னது பாத்திரம் துலக்கவாவது உதவும். பின்னதன் உபயோகத்தைப் பற்றி நாம் எழுதாத வாரமில்லை. எரிமலைச் சாம்பலோ, எரிந்துபோன பொருளின் மிச்சமே அல்ல. பாறையும், உருகிய பாறைக்குழம்பு சட்டென்று ஆறி உண்டான கண்ணாடியும் தூள் தூளாக வெடித்துக் கிளம்புவதே அது. ஒவ்வொரு துகளும் கூர்மையானது, தண்ணீரில் கரையாதது.

ஆகாய விமானத்தின் ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சி, வரிசை வரிசையான தகடுகளால் அதை அழுத்தி, எண்ணெயோடு சேர்த்து எரித்து ஓடுகிறது. காற்றோடு இத்தூளும் உள்ளே போனால், முதலில் அந்தத் தகடுகளைச் சாணைக்கல் போலத் தேய்க்கிறது. ஓசூர்ப் பட்டறைகளில் கிரைண்டிங் மிஷின் முன் நிற்கும் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. அடுத்தபடியாக எரியும் அறை. அங்கே சூடு 1,400 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். தூளோ சுமார் 1,100 டிகிரியிலேயே இளகிவிடும். இளகிய தூள் பின்னாலுள்ள டர்பைன் தகடுகளில் ஒட்டிக் கண்ணாடிப் பூச்சாக இறுகிக் காற்றின் வழியை அடைக்கிறது. தகடுகளைக் குளிர்விக்கும் ஊசித் துவாரங்களையும் மூடுகிறது. எஞ்சின் மூச்சுத் திணறி அணைந்து போகிறது. அல்லாமலும், விமானியின் முன்கண்ணாடி தேய்ந்து மங்குகிறது. வேகம் காட்டும் குழாய் அடைபட்டுப் பொய்க் கணக்குச் சொல்லுகிறது. விமானத்திலுள்ள ராடார் கருவி மழைத்துளியைக் காட்டுமே தவிர, இந்த வறண்ட தூளைக் காட்டாது. இராத்திரியில் கண்ணுக்கும் தெரியாது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1982ஆம் வருஷம் ஜூன் 24ந் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரத்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாத் தீவில் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் 37,000 அடி உயரத்தில் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. 248 பிரயாணிகளும் 15 சிப்பந்திகளும் உள்ளே. காரணம் என்னவென்று விமானிகளுக்கே தெரியாது. தலைமை விமானி எரிக் மூடியும் அவரது கூட்டாளிகளும் எஞ்சின்களை மறுபடி கிளப்பத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார்கள். விமானம் இறங்கி இறங்கிச் சாம்பலை விட்டு வெளியே வந்தது. நின்றுபோன எஞ்சின்கள் ஆறியதில் உள்ளே ஒட்டியிருந்த கண்ணாடி வெடித்து உதிர்ந்தது, எஞ்சின்கள் பற்றிக்கொண்டன. விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. ஒரு உயிரும் போகவில்லை.

இதைக் கடவுள் கிருபை என்று சொன்னவர்கள் இருப்பார்கள். அப்படியானால் மலையை வெடிக்கச் செய்தது யார் கிருபை என்று கேட்கிறோம். அதே மலையின் சாம்பலில், மூன்று வாரத்துக்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றும் சிக்கி மூன்று எஞ்சின்களை அணைக்கவேண்டி வந்ததே, அந்தக் கிருபை அதற்குள் தீர்ந்துபோயிற்றா? இடையில் மூடிய ஆகாய வழியைச் சில நாட்களிலேயே திறந்துவிட்டதுதான் காரணம். 1989ஆம் வருஷம் டிசம்பர் 15ந் தேதி, அலாஸ்காவில் ரிடவுட் எரிமலையின் சாம்பலில் கே.எல்.எம். விமானமும் இதேபோல நான்கு எஞ்சின்களையும் இழந்து, பிறகு மீண்டு ஆங்கரேஜில் இறங்கியது.

தப்பியவர்கள் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ விமானங்கள் விழுந்திருக்கும். அப்படியின்றி, எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கண்டதை ஒளிக்காமல் எல்லா தேசத்தாருக்கும் சொன்னார்கள். இன்று உலகத்தை ஒன்பது பாகமாகப் பங்கிட்டுக்கொண்டு ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை நிலையங்கள் இரவும் பகலும் காவல் காக்கின்றன. ஹைலி குப்பிச் சாம்பலைப் பற்றி முன்கூட்டிச் சொன்னது பிரான்சிலுள்ள தூலூஸ் நிலையம். எச்சரிக்கைக்குச் செலவும் உண்டு. 2010ஆம் வருஷம் ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையால் ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் பயணங்கள் ரத்தாகி, கென்யா தேசத்துப் பூக்கள் அனுப்ப வழியின்றி அழுகின. ஓசூரில் ரோஜா பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு அந்த நஷ்டம் எப்படிப்பட்டதென்று தெரியும். ஆனாலும் பூ அழுகினால் மறுபடி பூக்கும் என்று விமானத்தை நிறுத்தினார்கள். பிறகு எவ்வளவு தூளை எஞ்சின் தாங்கும் என்று கணக்கெடுத்து விதிகளைத் திருத்தினார்கள்.

நிற்க, அதே ஜாவாவில் புரோமோ எரிமலையின் வாயில் தெங்கர் என்னும் இந்து மக்கள் வருஷந்தோறும் காய்கறியும் ஆடும் கோழியும் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 2019ஆம் வருஷம் அக்டோபர் 8ந் தேதி, பிரான்சுக்குப் போய் ரபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங், அதன்மேல் ஓம் எழுதித் தேங்காய் வைத்துச் சக்கரத்தினடியில் எலுமிச்சம் பழமும் வைத்தார். அதைச் செய்து கொடுத்த பிரெஞ்சுத் தொழிலாளி என்ன நினைத்திருப்பான்? மந்திரியைச் சொல்வானேன்? ஆயுத பூஜையன்று ஓசூர் சிப்காட்டில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்த தோழர் அதே மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார்.

“எலுமிச்சம் பழம் வைப்பதால் என்ன நஷ்டம்?” என்பார்கள். நஷ்டம் பழத்தின் விலையல்ல. பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் விரல் போனால், தடுப்பைக் கழற்றி வைத்தவன் யார், வேகத்தைக் கூட்டச் சொன்னவன் யார் என்று கேட்கவேண்டிய இடத்தில், கண் திருஷ்டி, நேரம் சரியில்லை, தலையெழுத்து என்று பேச்சு போகிறதே, அதுதான் நஷ்டம். விரல் போனவன் விதியை நொந்துகொள்ளுகிறான்; கேள்வி கேட்கப்படாத முதலாளி மறுநாளும் அதே மிஷினை ஓட்டுகிறான்.

இன்னுமொன்று. அந்த நவம்பரில் நமது விமானத் துறை அதிகாரிகள் கம்பெனிகளுக்கு விடுத்த உத்தரவில், எஞ்சினில் மாறுதலோ, உள்ளே புகையோ, நாற்றமோ கண்டால் உடனே தெரிவிக்கவேண்டும் என்று கண்டிருந்தது. குறை கண்டவன், தான் சிறியவன் என்று வாயை மூடிக்கொண்டால் அந்த உத்தரவு வெறும் காகிதம். பெரியவன் முன் சிறியவன் பேசலாகாது என்று பிறப்பிலிருந்தே பழக்கும் ஜாதி முறையை வைத்துக்கொண்டு பத்திரத்தை எப்படி உண்டாக்க முடியும்? ஆகவே சுயமரியாதை என்பது மேடைப் பேச்சு மாத்திரமல்ல, உயிரைக் காக்கும் சாதனமுமாகும்.

ஓசூருக்கு இது தூரத்து விஷயம் அல்ல. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா கம்பெனியின் விமானத் திடல் இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் அமைப்பதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024ஆம் வருஷம் ஜூன் 27ந் தேதி சட்டசபையில் அறிவித்தார். அது வரும்போது புரோகிதரும் முகூர்த்தப் பட்டியலோடு கூடவே வருவார். கிருஷ்ணகிரி ஜில்லாத் தோழர்கள் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்: யாகத்துக்கும் பூஜைக்கும் ஆகும் பணத்தை மிஷின் தடுப்புகளுக்கும் தொழிலாளர் படிப்புக்கும் செலவிடுங்கள், குறை சொன்ன தொழிலாளியைத் தண்டிக்காதீர்கள், எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுங்கள். இதைக் கேட்டு வாங்கும் வரை ஓயக்கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.