ஆழ்கடல் மீனவர்களுக்கு அஞ்சல் வாக்கு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஆழ்கடல் மீன்பிடித் தொழிலாளர் சங்கம்,
தூத்தூர் வட்டாரக் கடலோர ஊர்கள்,
கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
1. தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள், தமிழ்நாடு, சென்னை.
2. மாவட்டத் தேர்தல் அலுவலர் மற்றும் மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: தேர்தல் – தங்குகடல் தொழில் செய்யும் மீனவர்கள் – வாக்குப்பதிவு நாளில் கரையில் இருக்க இயலாமை – அஞ்சல் வாக்கு வசதி – வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கத்திலிருந்து பாதுகாப்பு – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்களைச் சேர்ந்த மீன்பிடித் தொழிலாளர்கள் நாங்கள். எங்கள் தொகுதி கிள்ளியூர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் வரிசையில் 234-ஆவது, அதாவது கடைசி. எங்கள் ஆண்கள் பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்து தொழிலுக்குப் போவதில்லை. கொச்சி தோப்பும்படி, மங்களூரு, மால்பே, வேராவல் ஆகிய துறைமுகங்களிலிருந்து ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு சுறாவும் கேரையும் தேடிப் போகிறார்கள். கடல் ஏறினால் ஒரு மாதம். மீன் கிடைக்காவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து நாள்கூட ஆகும். இப்படிக் கடலிலேயே தங்கிச் செய்வதைத்தான் தங்குகடல் தொழில் என்கிறோம். வாக்குப்பதிவு நாளன்று எங்கள் ஊர்ச் சாவடிகளின் வரிசையைப் பார்த்த எந்த அலுவலருக்கும் இது தெரிந்திருக்கும். பெண்கள் நிற்பார்கள், வயதானவர்கள் நிற்பார்கள். உழைக்கும் வயது ஆண்கள் குறைவாகவே இருப்பார்கள்.

இதை அக்கறையின்மை என்று எண்ண வேண்டாம். காரணம் தேதிகளில் இருக்கிறது. 2011 முதல் 2024 வரை தமிழ்நாட்டில் நடந்த ஆறு பொதுத்தேர்தல்களின் வாக்குப்பதிவு நாள்கள் இவை: 2011 ஏப்ரல் 13, 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. ஆகவே இந்த ஆறில் நான்கு தேர்தல்களின்போது இராமேஸ்வரத்திலும் நாகையிலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. எங்கள் மேற்குக் கடற்கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதங்களில் ஒரு பொதுத்தேர்தல்கூட வரவில்லை.

பிறகு எங்களில் சிலர் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று கேட்டால், ஈஸ்டர் தயவில் என்றுதான் சொல்ல வேண்டும். புனித வாரத்திற்கும் கிறிஸ்துமஸுக்கும் முடிந்த மட்டும் கரை பிடிப்பது எங்கள் வழக்கம். 2014-இல் ஈஸ்டர் முடிந்த நான்காம் நாள் வாக்குப்பதிவு. 2019-இல் பெரிய வியாழன் அன்றே. 2021-இல் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள். 2016-இல் ஈஸ்டர் மார்ச் 27-இலேயே முடிந்துவிட்டது; தேர்தல் மே மாதத்தில் வந்தது. அப்போது எங்கள் படகுகள் எங்கே இருந்திருக்கும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஒரு குடிமகனின் வாக்குரிமை பண்டிகைக் கணக்கைச் சார்ந்து இருப்பது முறையல்ல.

2024-ஐ மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்; சிக்கலும் தீர்வும் அதிலேயே இருக்கின்றன. மார்ச் 20-இல் அறிவிக்கை வெளியானது. மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் மார்ச் 30, சனிக்கிழமை. அன்று மாலையே வேட்பாளர் யார் யார் என்பது முடிவாகிவிட்டது. மறுநாள் ஈஸ்டர். ஊருக்கு வந்திருந்த ஆண்கள் அந்த இரண்டு நாளும் கரையில்தான் இருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் துறைமுகங்களுக்குத் திரும்பிக் கடல் ஏறினார்கள். வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இல் நடந்தது. வேட்பாளர் பட்டியல் தயாரான பிறகும் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள், விதிகளில் வழியில்லாத ஒரே காரணத்தால் வாக்களிக்காமல் போனார்கள்.

ஊருக்கு வந்து வாக்களித்துவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வதுண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் பிரிவு 135பி, வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுப்பு தரச் சொல்கிறது. நாங்கள் வாங்குவது சம்பளம் இல்லை, பங்கு. டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவைக் கழித்து, படகுக்கு ஒரு பாதி, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிற தொழிலில் விடுப்பு தர முதலாளியும் இல்லை, ஊதியமும் இல்லை. நடுவழியில் ஒரு படகைத் திருப்பினால் அந்தத் தங்கலின் செலவு முழுவதும் அதிலுள்ள அத்தனை குடும்பங்களின் தலையில் விழும்.

எனவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது. அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 60(சி), மத்திய அரசைக் கலந்தாலோசித்து, எந்த வகை வாக்காளருக்கும் அஞ்சல் வாக்கு வழங்க இந்தியத் தேர்தல் ஆணையத்திற்கு அதிகாரம் தருகிறது. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2019-இல் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், இன்றியமையாப் பணியாளர்கள் ஆகியோரை ‘வராத வாக்காளர்’ என்ற பிரிவில் சேர்த்தார்கள். இன்று 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே அலுவலர்கள் சென்று வாக்குப் பெறுகிறார்கள். ரயில்வே, மின்சாரம், தீயணைப்பு போன்ற பணிகளில் இருப்போரும், வாக்குப்பதிவுச் செய்தி சேகரிக்க ஆணையம் அனுமதித்த ஊடகத்தாரும் அஞ்சல் வாக்கு மையத்தில் முன்னதாகவே வாக்களிக்கிறார்கள். இராணுவத்தினருக்கு 2016 முதல் மின்னணு முறையில் வாக்குச்சீட்டு போய்ச் சேர்கிறது. இவர்கள் எவருக்கும் அது கிடைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதே விதியில் தங்குகடல் மீனவர்களையும் சேர்க்குமாறு ஆணையத்திற்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

சேர்த்தால் மட்டும் போதாது. நாள் கணக்கையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வராத வாக்காளர் படிவம் 12-டி-யை அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சட்டப்படி அறிவிக்கையிலிருந்து வாக்குப்பதிவு வரை குறைந்தது இருபத்து நான்கு நாள்கள் வரும். நடைமுறையில் ஒரு மாதம்வரை நீள்வதுண்டு. அறிவிக்கைக்கு முந்தைய நாள் கடல் ஏறிய ஒருவர் கரை திரும்பும்போது 12-டி-யின் கெடு முடிந்திருக்கும், வேட்பாளர் பட்டியல் வந்திருக்கும், பல நேரங்களில் வாக்குப்பதிவே முடிந்திருக்கும். ஆகவே மீனவர்களிடமிருந்து இந்தப் படிவத்தைத் தேர்தல் ஆண்டு தொடங்கும் முன்பே வாங்கி வைக்க வழி செய்ய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஊரிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள். அஞ்சல் வாக்கு பெற்றவரின் பெயருக்கு நேரே பட்டியலில் குறியிடப்படும் என்பதும், அவர் எதிர்பாராமல் முன்பே கரை திரும்பினாலும் சாவடியில் வாக்களிக்க முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த நிபந்தனையை ஏற்கிறோம்.

வாக்களிக்கும் இடத்தைப் பொறுத்தவரை, மனு திரும்பப் பெறும் நாள் முடிந்து வாக்குச்சீட்டு தயாரானதும் தேங்காப்பட்டணம் துறைமுகத்திலும் எங்கள் ஊர்களிலும் அஞ்சல் வாக்கு மையங்களைத் திறக்கலாம். அவை இன்றுள்ளபடி மூன்று நாளுக்கு மட்டும் அல்லாமல், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்வரை இயங்க வேண்டும். தோப்பும்படி, மங்களூரு, மால்பே, வேராவல் ஆகிய இடங்களிலும் ஒவ்வொரு மையம் வேண்டும். வெளிமாநிலத்தில் இது இயலுமா என்ற கேள்வி எழலாம். காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தோருக்காக டெல்லியில் தனி வாக்குச்சாவடிகள் பல தேர்தல்களாக நடந்து வருகின்றன. தொலைவிலிருந்து வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரி குறித்து ஆணையமே 2023 ஜனவரியில் கட்சிகளிடம் கருத்துக் கேட்டது. கட்சிகள் எழுப்பிய ஐயங்களால் அது நடைமுறைக்கு வரவில்லை. அந்த இயந்திரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காகித வாக்குச்சீட்டு, இரண்டு உறை, ஒரு உறுதிமொழிப் படிவம், அதைச் சான்றொப்பமிட ஓர் அலுவலர்: இவை போதும்.

எதை நாங்கள் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படகிலேயே வாக்களிக்கும் ஏற்பாடு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் வாழும் இடத்தில், படகு உரிமையாளருக்கும் டிரைவருக்கும் தெரியாமல் ஒருவர் வாக்களிக்க முடியாது. கடன் கொடுத்த உரிமையாளரின் கண்முன் போடும் ஓட்டு ஓட்டே இல்லை. இராணுவத்தினரில் ஒரு பிரிவினருக்கு உள்ளதுபோல், தம் சார்பில் வேறொருவர் போடும் பதிலி வாக்கும் வேண்டாம். ஊரில் ஆயிரம் பகை இருக்கிறது; வீட்டுக்குள்ளேயும் கட்சி வேறுபாடு உண்டு. அலுவலர்கள், வேட்பாளர்களின் முகவர்கள், காணொளிப் பதிவு, மறைவிடம் ஆகியவற்றோடு கரையில் நடக்கும் வாக்குப்பதிவையே நாங்கள் நம்புகிறோம்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். பெயரே இல்லாதவருக்கு அஞ்சல் வாக்கால் பயனில்லை. 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்களுக்கு அது தொழில் உச்சத்தில் இருக்கும் காலம். டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேல் ‘இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்’ என்ற கணக்கில் வந்தவை. கணக்கீட்டுப் படிவத்தில் வீட்டிலுள்ள வயதுவந்த ஒருவர் கையெழுத்திடலாம் என்ற விதி எங்கள் பெண்களால்தான் பயன்பட்டது. கடலோரப் பெண்கள் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததை இங்கே பதிவு செய்கிறோம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் பிரிவு 20(1ஏ), தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் ஊரின் வழக்கமான குடியிருப்பாளர் என்ற நிலையை இழக்கமாட்டார் என்கிறது. ‘கடலில் இருக்கிறார்’ என்ற பதிலை ‘இடம்பெயர்ந்தார்’ என்று பதிவு செய்வது இந்தப் பிரிவுக்கு முரணானது. இதை வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கு எழுத்துமூலமாக அறிவுறுத்த வேண்டும். கடலோர ஊர்களில் படிவம் 7-இன் பேரில் ஒரு பெயரை நீக்கும் முன் மீன்வளத் துறையிடம் உள்ள மீனவர் பதிவை ஒப்பிட வேண்டும். நீக்கத்தை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது சட்டம். நாற்பது நாள் கடலில் இருப்பவருக்கு அந்தப் பதினைந்து நாள் எங்கே இருக்கிறது? காலதாமதத்தைப் பொறுத்து ஏற்கும் அதிகாரத்தை மீனவர் விஷயத்தில் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

பெயர் சேர்ப்புச் சிறப்பு முகாம்களை ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் ஊர்களில் நடத்துமாறும் கேட்கிறோம். ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்களில் ஜூலை 1-ம் ஒன்று என்பதால் இது விதிக்கும் பொருந்தும். 17 வயது முடிந்து, இப்போதே படகேறிவிட்ட பையன்களிடம் படிவம் 6-ஐ முன்கூட்டியே வாங்கிவிடவும் முடியும்.

சிறிய கோரிக்கை ஒன்று. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மத்திய அரசு வழங்கிய மீனவர் பயோமெட்ரிக் அடையாள அட்டை எங்களிடம் இருக்கிறது. கடலோரக் காவல் படை கேட்டால் அதைத்தான் காட்டுகிறோம். வாக்காளர் அட்டைக்கு மாற்றாக ஏற்கப்படும் ஆவணங்களில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு என்பதால் அதற்கு நகல் அனுப்பியுள்ளோம். 2019-இல் ஊரக உள்ளாட்சி வாக்குப்பதிவு டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் கரையில் இருந்தார்கள். எங்கள் பகுதிக்குத் தேதி குறிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் சித்திரைத் திருவிழாவுக்காக மதுரையில் வாக்குப்பதிவு நேரத்தை இரவு 8 மணிவரை நீட்டித்தார்கள். மக்களின் நடைமுறைக்கு ஏற்ப வளைந்து கொடுக்க நிர்வாகத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

எங்கள் படகுகள் எங்கே இருக்கின்றன என்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை இருந்தது. இன்று விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தப்பட்டு வருகிறது. படகில் ஏறும் ஆள்களின் விவரத்தையும் கேட்டு வாங்குகிறார்கள். உயிரைக் காக்கத் திரட்டிய அதே பதிவேடு, வராத வாக்காளர் பட்டியலுக்கும் உதவும்.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், வரும் தடைக்காலத்தில், எங்கள் ஆண்கள் ஊரில் இருக்கும்போது, தேர்தல் அலுவலர்கள், மீன்வளத் துறையினர், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பிரதிநிதிகள் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைத் தூத்தூரில் நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்:
தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், சென்னை
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர், சென்னை
வாக்காளர் பதிவு அலுவலர், கிள்ளியூர் சட்டமன்றத் தொகுதி