வேலை போனது அவருக்கு, தவணை இவங்களுக்கு

எங்க கீழப்பழுவூர் பக்கம் புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா ஊர் உடனே ரெண்டு காரணம் சொல்லிடும். ஒண்ணு டாஸ்மாக். இல்லைன்னா, "அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி". மூணாவதா ஒண்ணு இருக்குங்க... தவணை அட்டை!

யோசிச்சுப் பாருங்க. சிமெண்ட் ஆலை ஒப்பந்தக் கூலியோ, லாரியோ, வெளிநாடோ, வேலைக்குப் போறது பெரும்பாலும் அவர். ஆனா குழுக்கடன் கொடுக்கறது இவங்க பேர்ல. அடமானம் கிடையாது. குழுவில் இருக்கும் மத்த பெண்கள்தான் ஜாமீன். அவருக்கு வேலை போனா, தெரு பார்க்க வாசலில் நின்னு பதில் சொல்றது இவங்க. அந்த அவமானத்தை ராத்திரி யார்கிட்ட காட்டுவாங்க? அவரே ஏற்கெனவே வெந்து போய் உட்கார்ந்திருப்பார். அப்புறம் வீடு எப்படி இருக்கும்?

2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனா அந்தக் கணக்கு கடன் கொடுக்கற அன்னிக்குப் போடறது. 18,000 வருமானத்துக்கு 8,000 தவணை, சரி. வேலை போன பிறகு? பூஜ்யத்தில் பாதி எவ்வளவுங்க?

கடன் வசூல் அடாவடிக்கு எதிராக 2025-ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. வரவேற்கிறேன். ஆனா மிரட்டாம, "அக்கா, உங்களுக்காக மத்த அக்காவெல்லாம் காத்திருக்காங்க"ன்னு தன்மையா சொன்னா அதுக்கு எந்தச் சட்டம்?

ஈ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவர்களுக்கு 2018-ல் ஒரு உதவித்தொகை வந்தது. 2020-ல் அதைச் சராசரி சம்பளத்தில் பாதியாக்கினாங்க. அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே தடவை. ஈ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லாத லாரி டிரைவருக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பினவருக்கும் அதுவும் இல்லை.

என்னைக் கேட்டா, வேலை போனா தவணையும் மூணு மாசம் நிக்கணும். வட்டி ஏறக்கூடாது, குழு தலையிலும் விழக்கூடாது. நடக்கிற காரியமான்னு கேட்காதீங்க. கொரோனா வந்தப்ப 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட வழி செய்தாங்களே! வட்டி ஏறினது வேற விஷயம்.

அதுவரைக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. வேலை போனா அன்னிக்கே வீட்டில் சொல்லிடுங்க. அடுத்த தவணைக்கு வாசலில் நிக்கப் போறது அவங்கதான். அவங்களுக்குக் கடைசியில் தெரியறது நியாயமே இல்லை.

உங்க ஊரில் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்க.