யார் செய்த சைக்கிள்?

சென்ற மாதம் கும்பகோணத்தில் என் வீட்டுக்கு ஒரு கனவான் வந்திருந்தார். பழைய சைக்கிள்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவர். எங்கள் ரேழியில் சாத்தியிருக்கும் பாட்டனாரின் ராலே சைக்கிளைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் குனிந்து பார்த்தார், மண்டியிட்டுப் பார்த்தார், முன்கழுத்திலிருந்த நாரைத் தலைச் சின்னத்தைத் தடவிப் பரவசப்பட்டார். பிறகு பிரேமின் கீழ்க்குழாயில் அவர் விரல் நின்றது. முகம் வாடிவிட்டது.

"இது அசல் குழாய் இல்லை சார். உள்ளூரில் யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வண்டி கெட்டுப்போயிற்று" என்றார்.

கெட்டுப்போன அந்த வண்டியில்தான் என் தகப்பனார் அப்புறம் இருபது வருஷம் ஆபீஸுக்குப் போய்வந்தார் என்று சொன்னேன். அது ஒரு பதிலாகவே அவருக்குப் படவில்லை. எனக்கோ அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கோபத்தை இங்கே இறக்கிவைக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அசல், அசல் என்கிறார்களே, அந்த அசலின் பூர்வோத்தரம் என்ன? இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தையல் இயந்திரக் கம்பெனி ஒன்று 1869-இல் மிதிவண்டி செய்ய இறங்கித் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் 'ரோவர்' வண்டியைச் செய்தார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் தகப்பன் அதுதான். மெல்லிய எஃகுக் குழாயின் இரு முனைகளை மட்டும் தடிப்பாக்கும் வழியைக் கண்டு 1897-இல் காப்புரிமை பெற்ற ரேனால்ட்ஸ், பர்மிங்காமில் ஆணி செய்த குடும்பத்துப் பிள்ளை. நம் கனவான் கும்பிட்ட ராலேயோ, நாட்டிங்காமில் ராலே தெரு என்னும் தெருவில் வாரத்துக்கு மூன்று வண்டி செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறை. 1887-இல் பிராங்க் பவுடன் என்பவர் கண்ணில் பட்டதால் பெரிய கம்பெனியாயிற்று. ஆக, தையல் இயந்திரக்காரரும் ஆணிக்காரரும் தெருப் பட்டறைக்காரரும் சேர்ந்து வளர்த்த பிள்ளை சைக்கிள். உள்ளூர்க் கை படாத சைக்கிள் உலகத்தில் எங்கே இருந்தது?

"அவர்கள் புதிதாகச் செய்தார்கள். நம்மவர்கள் பழுதுதானே பார்த்தார்கள்?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் இரண்டு சகோதரர்கள் 1892-இல் சைக்கிள் விற்கவும் பழுது பார்க்கவும் கடை வைத்தார்கள். நாலு வருஷம் கழித்துத் தாங்களே சைக்கிள் செய்தார்கள். 1903-இல் விமானம் செய்து பறந்தார்கள். ரைட் சகோதரர்களைப் 'பழுது பார்த்தவர்கள்' என்று யாராவது ஒதுக்குகிறார்களா?

பழுது வேறு, படைப்பு வேறு என்பது சைக்கிள் விஷயத்தில் செல்லாது. அந்தக் காலத்துப் பிரேமில் குழாயின் முனையை மூட்டுக்குள் செருகி, வெண்காரம் தூவி, பித்தளையை உருக்கி ஓடவிட்டிருப்பார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். எஃகு உருக 1,400-க்கு மேல் வேண்டும். எனவே மூட்டை மறுபடி காய்ச்சினால் பித்தளை இளகும்; கெட்ட குழாயை உருவி எடுத்துவிட்டு நல்லதைச் செருகலாம். பிரிக்கவும் சேர்க்கவும் இடம் வைத்தே செய்த பொருள் அது. குழாயை மாற்றியவன் அசலைக் கெடுத்தவனல்ல. நாட்டிங்காம்காரன் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தவன்.

எங்கள் வண்டி மாட்டு வண்டியில் மோதிக் குழாய் மடங்கியபோது எனக்கு எட்டு வயதிருக்கும். பட்டறை வாசலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டறைக்காரர் மூட்டைச் சிவக்கக் காய்ச்சினார். புதுக் குழாயைச் செருகி, ஒரு நூலைக் கட்டிப் பிரேம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியில்லை, பிரித்து மறுபடி செய்தார். கூலி ஒருமுறைக்குத்தான் வாங்கினார்.

எல்லாப் பட்டறைக்காரர்களும் இப்படி என்று நான் வாதாடவில்லை. சூடு மிஞ்சிக் குழாயைக் கருக்கி, அடுத்த மாதமே ஆளைக் கீழே தள்ளியவர்களும் உண்டு. தொழிற்சாலைகளையும் நான் பழிக்கவில்லை. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும், 1956-இல் தொடங்கிய லூதியானா ஹீரோவும் இல்லாவிட்டால் ஏழைக்குச் சைக்கிள் ஏது? ஆனால் அவற்றுக்குச் சரித்திரம் இருக்கிறது, வருஷம் இருக்கிறது. லண்டனில் ஹெட்சின்ஸ் சைக்கிளை விற்ற முதலாளியின் பெயரோடு, பிரேமைக் கட்டிய ஜாக் டென்னியின் பெயரையும் அந்த ஊர் ரசிகர்கள் சொல்கிறார்கள். நம்மிடம் ஒரு பெயராவது உண்டா?

இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கனவான் போன மறுநாள் பட்டறை இருந்த தெருவுக்குப் போனேன். அங்கே செல்போன் கடை இருக்கிறது. பட்டறைக்காரர் பெயரைக் கேட்டேன். தெருவில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. 'பட்டறைக்காரர்' என்றே எங்கள் வீட்டில் சொல்லிப் பழக்கம். எத்தனையோ கற்பனை மனிதர்களுக்குப் பெயர் வைத்த நான், அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பழைய சைக்கிள் தேடி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னத்தைத் தடவிப் பார்த்த பிறகு, ஒட்டையும் தடவிப் பாருங்கள். "இதைப் போட்டவர் யார், இருக்கிறாரா?" என்று கேளுங்கள். இருந்தால், வண்டியை வாங்குமுன் அவரைப் போய்ப் பாருங்கள். வண்டி இன்னும் ஐம்பது வருஷம் காத்திருக்கும், அவர் காத்திருக்கமாட்டார்.